காட்டுத்தடத்தில் தனியாக நெடுந்தூரப் பயிற்சி ஓட்டம்: தூரத்தைக் கணக்கிடுவதா, நேரத்தைக் கணக்கிடுவதா?

ஈரமண் எழுதியது:

தார்ச்சாலையில் பல ஆண்டுகளாக ஓடி வருகிறேன். முழு மாரத்தான் தூரம் எனக்குப் புதிதல்ல. இப்போது 50 கிலோமீட்டர் காட்டுத்தட ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். பயிற்சி அட்டவணைப்படி வார இறுதியின் நெடும் ஓட்டம் 30 கிலோமீட்டரை எட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. என்னுடன் ஓடும் நண்பர்கள் 15 கிலோமீட்டருக்கு மேல் வருவதில்லை. அவர்களை வற்புறுத்துவது முறையல்ல. அவர்களுக்காக என் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போட்டிக்குத் தயாராக முடியாது. ஆகவே தனியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

சாலையில் 30 கிலோமீட்டரை நிதானமாக 3 மணி நேரத்தில் முடிப்பேன். நான் தேர்ந்திருக்கும் காட்டுத்தடத்தில் மொத்த ஏற்றம் 1,200 மீட்டர் வரும். இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எதை வைத்துத் திட்டமிட வேண்டும், இந்தத் தூரத்தைத் தனியாக ஓடுவது சரியான முடிவுதானா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்குத்து எழுதியது:

கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள் என்பதே என் முதல் பதில். சாலையில் தூரமும் நேரமும் ஒன்றையொன்று பிரியாமல் செல்கின்றன. காட்டில் அப்படியில்லை, ஒரே தடத்தில்கூட மழைக்கு மறுநாள் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் காய்ந்த நாளில் ஆவதைவிட வெகுவாகக் கூடிவிடும்.

மலைநடையில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தது. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. நடப்பவர்களுக்கான விதி என்றாலும் அதிலுள்ள விகிதம் நமக்கும் உதவும்: 600 மீட்டர் ஏற்றம் 5 கிலோமீட்டர் சமதரைக்கு ஈடாகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் 1,200 மீட்டர் ஏற்றம் 10 கிலோமீட்டர் ஆகி, மொத்த உழைப்பு சமதரையில் 40 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமமாகிறது. உங்கள் சாலை வேகத்தில் அது 4 மணி நேரம். வேர்கள், கற்கள், சேறு, குனிந்து செல்ல வேண்டிய கிளைகள் ஆகியவற்றுக்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 4 மணி 50 நிமிடம் வருகிறது. 3 மணி நேரத்துக்கான தண்ணீரும் உணவும் எடுத்துக்கொண்டு உள்ளே செல்பவர், இரண்டு மணி நேரப் பற்றாக்குறையோடுதான் புறப்படுகிறார் என்று பொருள்.

தடத்தின் வடிவம் இதைவிட முக்கியமானது. பலர் ஒரே பெரிய சுற்றுப்பாதையை விரும்புகிறார்கள். பார்த்ததையே மீண்டும் பார்க்க வேண்டியதில்லை, கணக்கும் அழகாக முடிகிறது. ஆனால் தனியாகச் செல்பவருக்கு அது நல்லதல்ல. பாதிச் சுற்றைத் தாண்டிவிட்டால், திரும்பி வருவது முன்னே செல்வதைவிட நீளமாகிவிடும். உடம்பு சரியில்லை என்று தெரிந்தாலும் தெரியாத தடத்திலேயே முன்னேறத் தோன்றும். சென்ற வழியே திரும்பும் ஓட்டத்தில், எந்த இடத்தில் திரும்பினாலும் முன்னாலிருப்பது நீங்கள் அறிந்த பாதை. அதனினும் நல்லது, புறப்பட்ட இடத்தைத் தொட்டுத் தொட்டுச் செல்லும் சிறு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தண்ணீர் நிரப்பலாம், நனைந்த சட்டையை மாற்றலாம், நிறுத்திவிடலாம் என்ற முடிவை அங்கேயே எடுக்கலாம்.

சென்ற வழியே திரும்புவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். புறப்பாடு இறக்கமாக இருந்தால், களைத்த கால்களோடு ஏறித்தான் வீடு வந்து சேர வேண்டும். அப்போது மொத்த நேரத்தில் பாதி ஆனதும் திரும்புவது தவறு. மூன்றில் ஒரு பங்கிலேயே திரும்பிவிட வேண்டும்.

நிதானம் எழுதியது:

முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு என் பதில் கடுமையானது: 30 கிலோமீட்டர் காட்டு ஓட்டத்தைத் தனியாகச் செய்யாதீர்கள்.

2006 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகருக்கு அருகே டேனெல் பாலெஞ்சி என்னும் வீராங்கனை தம் நாயுடன் பயிற்சி ஓட்டத்துக்குச் சென்றார். சாகசப் போட்டிகளில் உலக அளவில் பெயர் பெற்றவர். பாறையில் படிந்திருந்த பனிக்கட்டியில் கால் வழுக்கி ஏறத்தாழ 18 மீட்டர் கீழே விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடந்தார். உறைகுளிரில் இரண்டு இரவுகள் அங்கேயே கழிந்தன. தேடி வந்தவர்களை அவருடைய நாய்தான் அவரிடம் அழைத்துச் சென்றது. அவ்வளவு பயிற்சியும் உடல்வலிமையும் உள்ளவருக்கு வேண்டியிருந்தது, உதவி கேட்டு ஓடக்கூடிய இன்னொரு மனிதர் மட்டுமே. சாலையில் விழுந்தால் பத்து நிமிடத்தில் யாராவது வருவார்கள். காட்டில் கணுக்கால் பிசகினாலே, ஒரு மணி நேரத் தொலைவு அரை நாள் நொண்டலாக மாறிவிடும். நண்பர்கள் 15 கிலோமீட்டர்தான் வருவார்கள் என்றால் அந்தப் 15 கிலோமீட்டரைக் காட்டில் ஓடுங்கள். எஞ்சியதைச் சாலையில் முடியுங்கள்.

வனவழி எழுதியது:

நிதானம் சொல்வதை மதிக்கிறேன். எனினும் அதே நிகழ்வை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். பாலெஞ்சி எங்கே ஓடச் சென்றிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தார் அவரைக் காணவில்லை என்று கவலைப்பட்ட பிறகு, தடத்தின் தொடக்கத்தில் நின்றிருந்த அவருடைய வண்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் தேட வேண்டிய இடம் புலப்பட்டது. தடமும் திரும்பும் நேரமும் ஒருவரிடம் சொல்லப்பட்டிருந்தால் முதல் இரவே தேடல் தொடங்கியிருக்கும். தனிமை ஆபத்தைக் கூட்டியது உண்மை. அந்த ஆபத்தை இரண்டு நாளாக நீட்டியது, காத்திருக்க ஒருவர் இல்லாமை.

துணை இருப்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதும் இல்லை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டியில் 172 பேர் புறப்பட்டனர். நண்பகல் வாக்கில் குளிர்மழையும் பலத்த காற்றும் சேர்ந்து வந்தன. உடல்வெப்பம் குன்றி 21 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மெல்லிய சட்டையும் அரைக்கால் உடையுமாக ஓடிக்கொண்டிருந்தவர்கள். தாம் மழைக்கு ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து தீ மூட்டிக் காப்பாற்றியவர், போட்டியோடு தொடர்பே இல்லாத ஓர் ஆட்டிடையர். அத்தனை பேர் உடன் ஓடியும், ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் காற்றும் மழையும் புகாத மேலாடை ஒன்று இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

100 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் இதமாக இருக்கும் காலை, 1,000 மீட்டர் மேலே ஆறேழு டிகிரி குளிர்ந்ததாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது. கால் பிசகி, வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கிவிடும். மேலாடையைப் பையின் அடியில் திணிக்காதீர்கள். விரல்கள் விறைத்துப்போனால் சிறிய ஜிப்பின் நுனியைப் பிடித்து இழுப்பதே பெரும்பாடு. அதற்குப் பின் ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்) பொட்டலங்களையும் விளக்கையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டு மேலாடையைத் தேடும் நிதானம் யாருக்கும் இருக்காது. ஒரு கையால், பார்க்காமலே எடுக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பாருங்கள்.

தனி ஓட்டத்துக்கு நான் ஆதரவாகப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 50 கிலோமீட்டர் போட்டியில் ஓடுபவர்கள் விரைவிலேயே நீளமாகப் பிரிந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் நீங்கள் தனியாகத்தான் ஓடப்போகிறீர்கள். எப்போது நடப்பது, எப்போது சாப்பிடுவது, இந்த வலியைப் பொறுப்பதா நிறுத்துவதா என்ற முடிவுகளை அங்கே தனியாகத்தான் எடுக்க வேண்டும். முன்னே செல்பவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே பயிற்சி முழுவதையும் முடித்தவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

மூங்கில்நிழல் எழுதியது:

பெண் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்த இழையில் இதுவரை கல்லும் மழையும்தான் ஆபத்துகளாகப் பேசப்பட்டிருக்கின்றன. தனியாக ஓடும் பெண்கள் பலருக்கு முதல் கவலை மனிதர்களைப் பற்றியது. ஓட்டச் செயலிகள் தடத்தையும் நேரத்தையும் எல்லாருக்கும் காட்டும்படி அமைந்திருந்தால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வாயிலில் நுழைகிறீர்கள் என்பதை அறியாதவர்களும் அறிந்துகொள்ளலாம். ஓட்டத்தைப் பதிவேற்றுவதை வீடு திரும்பியபின் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கமும் முடிவும் வரைபடத்தில் மறைந்திருக்கும்படி அமையுங்கள். நேரலை இருப்பிடத்தை நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு ஓடுவதை நான் காட்டில் முற்றிலும் தவிர்க்கிறேன். பின்னால் வரும் மிதிவண்டியும் புதரில் நகரும் விலங்கும் முதலில் காதுக்குத்தான் எட்டும்.

ஈரமண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெரிய சுற்று என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நான் செல்லும் காட்டில் பாதி இடங்களில் கைபேசிக்கு டவர் கிடைக்காது. அங்கே வழி தவறினால் என்ன செய்வது? சாப்பாட்டையும் தண்ணீரையும் எப்படிக் கணக்கிடுவது? சாலை ஓட்டத்தில் இரண்டு ஜெல்லோடு சமாளித்துவிடுகிறேன்.

செங்குத்து எழுதியது:

டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகக் கைபேசிக்கு வரும் சமிக்ஞை. வரைபடம் மட்டும் இணையத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். கிடைக்காத டவரைத் தேடித் தேடித்தான் மின்கலம் தீர்கிறது. அடர்ந்த மரங்களுக்குக் கீழும் குறுகிய பள்ளத்தாக்குகளிலும் கைக்கடிகாரம் காட்டும் தூரமும் இடமும் சற்றுப் பிசகும்; 20 மீட்டர் தள்ளிக் காட்டினால் பதற வேண்டாம்.

கருவியைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு அடி தாண்டிச் சென்றபின் நின்று, முழு உடம்பையும் திருப்பி, வந்த திசையைப் பாருங்கள். போகும்போது ஒரே பாதையாகத் தெரிந்த இடம், திரும்பும் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு சம அகலமுள்ள கிளைகளாகத் தெரியும். சாய்ந்த மரம், பட்டை உரிந்த அடிமரம், வெள்ளைக் கோடு ஓடிய பாறை என ஏதாவது ஒன்றை அந்தப் பக்கப் பார்வையிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சில நொடிகள்தான் ஆகும்.

வழி தவறியதாகத் தோன்றினால் முதலில் நில்லுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசிப் பிரிவு வரை வந்த வழியே திரும்புங்கள். குறுக்கு வழியாகச் சரிவில் இறங்குவதும், ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் ஊர் வரும் என்று நம்புவதும் மலைகளில் பலரை அருவியின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. நகர முடியாத நிலை வந்தால், கத்துவதைவிட விசில் அதிகத் தொலைவு கேட்கும், தொண்டையும் தாங்கும். ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் முறைப்படி நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். வட அமெரிக்காவில் மூன்று முறை. எதுவாயினும் சீரான இடைவெளிதான் அது மனிதர் எழுப்பும் ஒலி என்று உணர்த்தும். இப்படிப்பட்ட ஓட்டங்களைத் தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி வாங்குவது வீண்செலவல்ல.

மூன்றாம்மேடு எழுதியது:

உணவைப் பற்றி நான் சொல்கிறேன், பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால்.

தசைகளிலும் கல்லீரலிலுமாக நம் உடம்பு சேமிக்கும் கிளைக்கோஜன் (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். 3 மணி நேர ஓட்டத்தை அந்தச் சேமிப்போடு இரண்டு ஜெல் சேர்த்து ஒப்பேற்றிவிடலாம். 5 மணி நேரத்துக்கு அது போதாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே சென்றுகொண்டே இருக்க வேண்டும். முதல் 40 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும் என்பதால், ஜெல்லை மட்டுமே நம்பினால் பத்துக்கு மேல் தேவைப்படலாம். நாக்கும் வயிறும் அதற்கு ஒத்துழைக்காது. மெல்லக்கூடிய உப்புள்ள உணவையும் கலந்து கொண்டுசெல்லுங்கள். ஏற்றங்களில் நடக்கும்போது சாப்பிடுவது எளிது.

தனியாக ஓடும்போது சர்க்கரைக் குறைவை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. தேய்த்துக்கொண்டு செல்லும் கால் நுனி வேரில் இடிப்பதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. ஒரு முறை இடித்தால் தற்செயல். சிறிது தூரத்துக்குள் மீண்டும் இடித்தால் நின்று சாப்பிடுங்கள். காரணமில்லாத எரிச்சல், தடத்தின் மீதே கோபம், எளிய கூட்டலைச் செய்ய இயலாமை ஆகியவையும் அதே அறிகுறிகள்தாம்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் நம்பாமல் ஒரு புட்டியில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வைத்துக்கொள்ளுங்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமலோ சுத்திகரிக்காமலோ குடிக்க வேண்டாம்.

கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களை முடக்கப்போவது ஏற்றமல்ல, இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. தசை நார்களுக்கு அதிகச் சேதம் அதில்தான் ஏற்படுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை இறக்கத்தில் மிதமாக ஓடிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையில் குறைவாகவே வலிக்கும். ஆகவே இந்த 30 கிலோமீட்டருக்குப் பத்து நாள் முன்னதாக ஒரு சிறிய இறக்க ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள். களைத்த நிலையில் கடைசி இறக்கத்தை வேகமாக ஓடி முடிக்கும் ஆசையை அடக்குங்கள். கணுக்கால் பிசகுவதற்கு ஏற்ற நேரம் அதுவே.

நிதானம் எழுதியது:

வனவழியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. போட்டியில் முடிவெடுக்கும் பழக்கம் தேவை என்பதை ஏற்கிறேன். ஆயினும் என் நிபந்தனைகளைத் தளர்த்த மாட்டேன். முன்பே துணையோடு ஓடிய தடமாக இருக்க வேண்டும். வன நிர்வாகம் மூடிய பகுதியாகவோ அனுமதி தேவைப்படும் பகுதியாகவோ இருந்தால் அந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். விலங்குகள் அதிகம் நடமாடும் விடியற்கருக்கலிலும் அந்தியிலும் தடத்தில் இருக்கக் கூடாது. காட்டுக்குள் பொழுது அடங்கும் முன்பே இருட்டிவிடும் என்பதால் பகல் ஓட்டத்திலும் தலைவிளக்கு பையில் இருக்க வேண்டும். முதல் நாள் மாலை வானிலை முன்னறிவிப்பில் இடிமழை தென்பட்டால் ஓட்டம் இல்லை.

ஈரமண் எழுதியது:

திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். ஏற்கெனவே நண்பர்களோடு ஓடிய 10 கிலோமீட்டர் சுற்றையே மூன்று முறை ஓடுவேன். ஒவ்வொன்றிலும் 400 மீட்டர் ஏற்றம். நன்றாக வெளிச்சம் வந்தபின், காலை 6 மணிக்குப் புறப்பாடு. தண்ணீரும் மாற்றுச் சட்டையும் வண்டியில் இருக்கும். செங்குத்தின் கணக்குப்படி இரண்டாம் சுற்று 9:10 வாக்கில் முடிய வேண்டும். 9:30 தாண்டிவிட்டால் மூன்றாம் சுற்று கிடையாது. 11:30க்குள் முடித்துவிட்டதாக அக்காவுக்குச் செய்தி அனுப்புவேன். இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

வனவழி எழுதியது:

நல்ல திட்டம். 9:30 என்ற எல்லையைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் தலை பேரம் பேசும்.

விடுபட்டது அக்காவின் பங்கு. 11:30க்குச் செய்தி வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா? காத்திருப்பவர்கள் பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தயங்கியே மணிக்கணக்கைக் கடத்திவிடுகிறார்கள். வீண் பதற்றம் செய்துவிட்டோமோ என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது. அந்தக் கூச்சத்தை நீங்கள்தான் முன்கூட்டியே அகற்ற வேண்டும். முதல் நாள் இரவே எழுத்தில் அனுப்புங்கள்: 11:30க்கு அழைத்துப் பார்க்கவும், 12:30 வரை தொடர்பு இல்லையென்றால், மேலும் காத்திராமல் இந்த எண்ணில் வன அலுவலகத்தையும் இந்த எண்ணில் காவல் உதவியையும் அழைக்கவும். அதனுடன் தடத்தின் வரைபடம், எந்தத் திசையில் சுற்றுகிறீர்கள் என்பது, வண்டியின் எண், அது நிற்கும் இடம், சட்டையின் நிறம், ஒவ்வாமை அல்லது வழக்கமான மருந்து இருந்தால் அதுவும் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வண்டியருகே டவர் கிடைத்தால் ஒரு சொல் அனுப்புங்கள். தேட நேர்ந்தால் எந்தச் சுற்றில் நின்றுபோனீர்கள் என்பது தெரியும்.

கடைசியாக, முடித்தவுடன் வரும் செய்தியை மறப்பது மிக எளிது. காலணிக் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அனுப்பிவிடுங்கள். தடத்தில் இருக்கும்போதே திட்டம் மாறி, டவர் இருந்தால், மாறியதையும் உடனே சொல்லுங்கள். டவர் இல்லாத இடத்தில் தோன்றும் புதிய கிளைப்பாதையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அக்காவிடம் இருக்கும் வரைபடத்தில் அந்தக் கிளை இல்லை.